பின்னால் மணி அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது? சிங்கப்பூரின் பகிர்வுப் பாதைகளும் விதிகளும்

சிங்கப்பூரில் புளோக்கை விட்டுக் கீழே இறங்கும் எவரும் முதலில் கால் வைப்பது ஏதாவதொரு பாதையில்தான். கூரை போட்ட இணைப்புப் பாதை, சாலையோர நடைபாதை, சிவப்புச் சாயம் பூசிய சைக்கிள் பாதை, பூங்கா இணைப்புப் பாதை என்று அவை பலவகை. நடப்பவருக்கு எல்லாம் ஒன்றுதான். சட்டத்துக்கு அப்படி அல்ல. எந்தப் பாதையில் எது போகலாம், என்ன வேகத்தில் போகலாம் என்பது பாதைக்குப் பாதை மாறும். இந்த வேறுபாடு தெரியாமல்தான் பாதி வாக்குவாதங்கள் நடக்கின்றன. பேருந்து நிறுத்தத்தில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் இருவரில் யார் பக்கம் விதி இருக்கிறது என்பது பல நேரங்களில் இருவருக்குமே தெரிவதில்லை.

முதலில் விதிகளைப் பார்த்துவிடலாம்.

நடைபாதையில் நடப்பவர்கள், சாதாரண சைக்கிள்கள், மோட்டார் இல்லாத உதைஸ்கூட்டர்கள், நடக்க இயலாதவர்கள் பயன்படுத்தும் சக்கர நாற்காலி போன்ற நடமாட்ட உதவிச் சாதனங்கள் ஆகியவை செல்லலாம். சைக்கிளுக்கு அங்கே வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர். 2019 பிப்ரவரி 1ஆம் தேதி வரை அது 15ஆக இருந்தது. அன்று முதல் குறைக்கப்பட்டது. மின்ஸ்கூட்டருக்கும் மின்சைக்கிளுக்கும் நடைபாதையில் இடமே இல்லை.

சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். இங்கே மின்ஸ்கூட்டரும் மின்சைக்கிளும் வரலாம். நடப்பவர்களும் வரலாம். அதனால்தான் இதற்குப் பகிர்வுப் பாதை என்று பெயர். மின்சைக்கிள் சாலையிலும் போகலாம். மின்ஸ்கூட்டர் சாலையில் போகக்கூடாது. ஆக, மின்ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்குச் சைக்கிள் பாதையை விட்டால் வேறு வழி இல்லை. அவர் வீட்டுப் பக்கம் அந்தப் பாதை இல்லையென்றால், பாதை தொடங்கும் இடம்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

மூன்றாவதாக ஒரு வகையும் இப்போது உண்டு. சைக்கிள் பாதையும் நடைபாதையும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்த இடங்களில், நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்படுகிறது. 2025 ஜூலை 1 முதல், அப்படிக் குறியிட்ட பாதையில் சைக்கிள் ஓட்டுவதே குற்றம். சக்கர நாற்காலிக்கும் மற்ற நடமாட்ட உதவிச் சாதனங்களுக்கும் விலக்கு உண்டு. தரையில் வரைந்த குறியைப் பார்த்தால் போதும், குழப்பம் வராது. ஆனால் தரையைப் பார்த்து நடப்பவர்கள் எத்தனை பேர்? கைத்தொலைபேசியைப் பார்த்து நடப்பவர்கள்தான் அதிகம்.

தெம்பனிசில் தொடங்கியது

நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது ஒரு காலத்தில் சிங்கப்பூர் முழுவதும் தடைசெய்யப்பட்டிருந்தது. சந்தைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். சட்டம் மட்டும் அனுமதிக்கவில்லை. தெம்பனிஸ் 2007ல் அதைச் சோதனை முறையில் அனுமதித்தது. பிறகு 2010 மார்ச்சில், நடைபாதையில் சைக்கிள் ஓட்டச் சட்டப்படி இடங்கொடுத்த முதல் நகரமானது. அந்தச் சோதனைக் காலத்திலேயே நடப்பவர்களுக்கும் ஓட்டுபவர்களுக்கும் இடையே மனக்கசப்பு வெளிப்பட்டது. வயதானவர்கள் பயந்தார்கள். ஓட்டியவர்களோ, கனரக லாரிகளோடு சாலையில் போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். இரண்டு தரப்பும் சொன்னது உண்மைதான்.

2015ல் அமைக்கப்பட்ட ஆலோசனைக் குழு ஒன்று மறு ஆண்டில் பரிந்துரைகளைக் கொடுத்தது. அதன் அடிப்படையில் வந்த சட்டத்தை 2017 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2018 மே 1ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. சாதனத்தின் எடை 20 கிலோவுக்கு மேல் போகக்கூடாது, அகலம் 70 செண்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, 25 கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுக்கும்படி அதை மாற்றியமைக்கக்கூடாது என்றெல்லாம் வரையறுக்கப்பட்டது.

சட்டம் எழுதப்பட்ட காலத்தில் மின்ஸ்கூட்டர் அவ்வளவாகப் பரவியிருக்கவில்லை. உணவு விநியோகத் தொழில் பெருகியதும் நிலைமை தலைகீழானது. உரிமம் தேவையில்லை, பெட்ரோல் செலவில்லை, மின்தூக்கிக்குள் கொண்டுபோகலாம். வேலை தேடிய இளையர்களுக்கும், குழந்தைகளைக் கவனித்தபடி சில மணி நேரம் மட்டும் உழைக்க விரும்பிய பெற்றோருக்கும் அது வயிற்றுப் பிழைப்பானது. ஆனால் ஒரு உணவுப் பொட்டலத்தைக் கூடுதலாகக் கொண்டுசேர்த்தால்தான் அன்றைய கணக்கு சரிவரும் என்ற நிலையில், 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும் பொறுமை யாருக்கு இருக்கும்? விரைவு முழுவதும் ஓட்டுநரின் குணக்கேடு மட்டுமல்ல. சம்பளம் கணக்கிடப்படும் முறையிலேயே அது அடங்கியிருந்தது. அன்றைய விவாதங்களில் இந்தப் பக்கம் போதிய அளவு பேசப்படவில்லை.

2019 செப்டம்பரில் மக்கள் செயல் கட்சியின் நகர மன்றங்கள் புளோக்குகளின் கீழ்த்தளங்களிலும் பொதுத் தாழ்வாரங்களிலும் இந்தச் சாதனங்களை ஓட்டத் தடை விதித்தன. அதே மாதக் கடைசியில் பிடோக்கில் மின்ஸ்கூட்டருடன் ஏற்பட்ட விபத்தில் சைக்கிளில் சென்ற 65 வயது மாது ஒருவர் உயிரிழந்தார். நடைபாதைத் தடை வேண்டும் என்ற குரல் அதற்குப் பிறகு அடங்கவில்லை. நவம்பர் 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அறிவிப்பு வந்தது; மறுநாளே தடை நடப்புக்கு வந்தது. அவ்வாண்டு இறுதிவரை எச்சரிக்கை மட்டும் கொடுக்கப்பட்டது. 2020 ஜனவரி 1 முதல் தண்டனை: 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஒரே இரவில் பிழைப்பு போனதாக உணர்ந்த விநியோக ஓட்டுநர்கள் தொகுதி உறுப்பினர்களின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிகளுக்குத் திரண்டு போனார்கள். இணையத்தில் மனுக்கள் எழுந்தன. அரசாங்கமும் விநியோக நிறுவனங்களும் சேர்ந்து 70 லட்சம் வெள்ளி ஒதுக்கின. மின்ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு மின்சைக்கிளுக்கு மாறுவோருக்கு ஆளுக்கு 1,000 வெள்ளி வரை உதவி என்றார்கள். பலர் மாறினார்கள். சைக்கிளை மிதிக்கும் அளவுக்கு உடல் ஒத்துழைக்காதவர்களுக்கு அது விடையாகவில்லை.

நடைபாதைகள் அமைதியாயின என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

குதிரைகளிடமிருந்து வந்த பாடம்

வேகமானவர் மெதுவானவருக்கு வழிவிட வேண்டும் என்பது சிங்கப்பூரில் புதிதாகக் கண்டுபிடித்த கொள்கை அல்ல. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் குதிரைப் பாதைகள் என்று தனியே சட்ட அங்கீகாரம் பெற்ற பாதைகள் உண்டு. நடப்பவர்களும் குதிரையில் வருபவர்களும் மட்டுமே பயன்படுத்திய அந்தப் பாதைகளில் சைக்கிள் வரலாம் என்று 1968ல் ஒரு சட்டம் அனுமதித்தது. கூடவே ஒரு நிபந்தனையையும் வைத்தது: சைக்கிளோட்டி, நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். பிறகு மலைச் சைக்கிள்கள் வந்தன. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தப் பாதைகளில் சச்சரவு தீர்ந்தபாடில்லை.

காரணம் குதிரையின் உடலமைப்பிலேயே இருக்கிறது. அது வேட்டையாடப்படும் விலங்கு. ஆபத்து என்று தோன்றினால் முதலில் ஓடும், பிறகுதான் திரும்பிப் பார்க்கும். கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் தெரியும். நேர் பின்னாலும், மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரமும் மட்டும் தெரியாது. சைக்கிள் வருவதோ சத்தமே இல்லாமல், அதுவும் பின்பக்கமாக. திடீரென்று பக்கத்தில் ஏதோ விரைந்து கடந்தால் குதிரை துள்ளும். மேலே இருப்பவர் விழுந்தால் முதுகெலும்பு போகலாம். மிரண்டு திரும்பிய குதிரையின் காலடியில் சைக்கிளோட்டியும் சிக்கலாம்.

ஆகவே குதிரையோட்டிகள் சொல்லும் அறிவுரை வேறு மாதிரி இருக்கும். தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். மணியைக் கிணுகிணுப்பதைவிட வாய்திறந்து ஒரு வணக்கம் சொல்லுங்கள். மனிதக் குரல் குதிரைக்குப் பழக்கமானது. ஓட்டுபவர் கையைக் காட்டிய பிறகு, போதிய இடைவெளி விட்டு மெதுவாகக் கடந்து போங்கள். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு, பகிர்வுப் பாதையில் குதிரையின் இடப்பக்கமாகக் கடக்கக்கூடாது என்று சைக்கிளோட்டிகளுக்குச் சொல்கிறது. 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட அதே தொகுப்பு, சாலையில் குதிரையைக் கடக்கும் வாகனம் மணிக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டருக்குக் கீழ் வந்து, குறைந்தது 2 மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்கிறது. யாரால் அதிகத் தீங்கு விளைவிக்க முடியுமோ அவருக்கே அதிகப் பொறுப்பு என்ற வரிசையும் அந்தத் திருத்தத்தில்தான் எழுத்தில் வந்தது.

சிங்கப்பூரில் குதிரையைப் பார்ப்பதே அபூர்வம். கிராஞ்சி பந்தயத் திடலிலும் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு ஓட்டம் முடிந்துவிட்டது. ஆனால் காது மந்தமான எழுபது வயதுப் பாட்டி ஒருவரைப் பின்னாலிருந்து கடக்கும் சைக்கிளோட்டிக்கு, குதிரையோட்டியின் அறிவுரை அப்படியே பொருந்தும். சட்டென்று மணி கேட்டால் பலர் ஒதுங்குவதற்கு முன் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பும்போது உடலும் அந்தப் பக்கமே ஒரு அடி நகரும். கடந்துபோக ஓட்டுபவர் எண்ணியிருந்த இடமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

சிங்கப்பூரில் வழக்கம், இடப்பக்கம் போவது, வலப்பக்கமாகக் கடப்பது. ஆகவே பின்னால் மணி கேட்டால் திரும்பிப் பார்க்காமல் இடப்பக்கம் ஒதுங்குவதே நல்லது. இடம் தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே நேராக நிற்கலாம். அசையாமல் நிற்பவரைச் சுற்றிப் போவது ஓட்டுபவருக்கு எளிது.

இருபத்தைந்து என்பது எவ்வளவு வேகம்?

மணிக்கு 25 கிலோமீட்டர் என்று காதால் கேட்டால் சின்ன வேகமாகத் தோன்றும். கணக்குப் போட்டால் விநாடிக்கு 7 மீட்டர். முன்னால் ஒரு குழந்தை குறுக்கே ஓடுவதைக் கண்டு கை பிரேக்கைப் பிடிப்பதற்கு ஒரு விநாடி ஆனாலே, வண்டி 7 மீட்டர் முன்னேறியிருக்கும். பிரேக் பிடித்த பிறகு நிற்க ஆகும் தூரம் தனி. 10 கிலோமீட்டர் வேகத்தில் அதே ஒரு விநாடிக்கு 3 மீட்டர்கூட ஆகாது. மோதலின் வலு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆகவே 25ல் மோதுவது 10ல் மோதுவதைப்போல ஆறு மடங்குக்கும் அதிகம். நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் வெவ்வேறு வரம்பு வைத்ததன் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

25 என்பது உச்ச வரம்பு என்பதையும் சிலர் மறந்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் நடக்கும்போது 25ல் போவது விதிக்கு உட்பட்டதாக இருந்தாலும் புத்திசாலித்தனம் ஆகாது.

பழைய ரயில் பாதையான 24 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பசுமைப் பாதையிலும் இதே கதைதான். மலாயா ரயில்வேயில் தண்டவாளம் பதித்தும் பராமரித்தும் உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம்; தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை நீளும் அந்த நிலம் 2011 ஜூலை 1ஆம் தேதி சிங்கப்பூரிடம் வந்தது. இன்று அங்கே நடப்பவர், ஓடுபவர், நாயோடு வருபவர், மலைச் சைக்கிள்காரர் எல்லாரும் ஒரே தடத்தில். தடம் குறுகும் இடங்களில் சைக்கிளோட்டி இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் யாருக்கும் நட்டமில்லை.

முதியோர் ஸ்கூட்டர் பற்றிய சங்கடம்

நடைபாதையில் மின்ஸ்கூட்டருக்குத் தடை வந்த பிறகு, உட்கார்ந்து ஓட்டும் முதியோர் ஸ்கூட்டர்கள் பெருகின. நடக்க இயலாதவர்களுக்காகச் சட்டம் விட்டுவைத்த வாசல் அது. நன்றாக நடக்கக்கூடிய சிலரும் அந்த வாசல் வழியாக நுழைந்தார்கள். இரண்டு பேர் ஏறிக்கொள்வது, பின்னால் பெரிய பெட்டி கட்டுவது, வேகத்தைக் கூட்டுவது எல்லாம் நடந்தன.

2025 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் இதைக் கட்டுப்படுத்துகிறது. இந்தச் சாதனங்களின் வேக வரம்பு மணிக்கு 10லிருந்து 6 கிலோமீட்டராகக் குறைகிறது. அது விறுவிறுப்பாக நடப்பவரின் வேகம். முதியோர் ஸ்கூட்டர் ஓட்ட, நடக்கச் சிரமம் இருப்பதாக மருத்துவச் சான்று தேவைப்படும். மோட்டார் பொருத்திய சக்கர நாற்காலி பயன்படுத்துவோருக்குச் சான்று தேவையில்லை. சாதனத்தின் அளவுக்கும் வரம்பு உண்டு: அகலம் 70, நீளம் 120, உயரம் 150 செண்டிமீட்டர்.

முழங்கால் வலியோடு சந்தைக்குப் போய்வரும் மூத்தோர் பலர் இதைக் கேட்டுக் கலங்கினார்கள். உண்மையான தேவை உள்ளவருக்கு வண்டி பறிபோகாது. ஆனால் சான்று வாங்கும் வேலை அவர் தலையில் விழுகிறது. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், பிள்ளைகள் முன்கூட்டியே குடும்ப மருத்துவரிடம் அழைத்துப் போய்ப் பேசிவிடுவது நல்லது. புதிதாக வாங்கப் போகிறவர்கள், இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று கைவைப்பதற்கு முன் அளவையும் வேகத்தையும் சரிபார்க்க வேண்டும்.

தவறு ஒரு பக்கம் மட்டுமல்ல

பாதசாரிகள் எப்போதும் பாதிக்கப்பட்டவர்கள் என்ற எண்ணம் பொதுவாக உண்டு. அடிபடும்போது அதிகம் நோவது அவர்களுக்குத்தான் என்பது சரி. ஆனால் சைக்கிள் பாதையின் முழு அகலத்துக்கும் நான்கு பேர் கைகோத்து நடப்பது, நாயை இந்த ஓரத்தில் பிடித்துக்கொண்டு அந்த ஓரம்வரை கயிற்றை நீட்டுவது, இரண்டு காதிலும் ஒலிப்பான் மாட்டிக்கொண்டு பாதையின் நடுவில் திடீரென்று நிற்பது இவையெல்லாம் அன்றாடக் காட்சிகள். பக்கத்திலேயே நடைபாதை இருக்க, சிவப்புப் பாதை வழுவழுப்பாக இருக்கிறது என்று அதில் நடப்பவர்களும் உண்டு. சட்டம் தடுக்கவில்லை, ஆனாலும் அது 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வரும் இடம்.

ஓட்டுபவர்கள் நினைவில் வைக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. பேருந்து நிறுத்தத்தின் பின்புறம், மின்தூக்கித் தளத்தின் வாசல், கார்நிறுத்துமிடத்தின் நுழைவு, சந்தைக்குப் பக்கத்துத் திருப்பம் ஆகியவற்றில் ஆள் எங்கிருந்து வருவார் என்று தெரியாது. கூட்டம் இருந்தால் இறங்கித் தள்ள வேண்டும். சாலையைக் கடக்கும் இடத்தில் நின்று, பார்த்து, நடைவேகத்தில் கடக்க வேண்டும் என்பது 2019லிருந்து கட்டாயம். கைத்தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது குற்றம். மின்ஸ்கூட்டரோ மின்சைக்கிளோ ஓட்ட 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் இணையவழிக் கோட்பாட்டுத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும்.

ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் விதி வேறு. மலேசியாவில் மின்ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்கள் சாலையில் ஓடக்கூடாது என்று 2021 இறுதியில் விதி வந்தது. 2022 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சு அதை அறிவித்தது. அங்கே தனிச் சைக்கிள் பாதைகள் குறைவு என்பதால் பிரச்சினையின் முகமும் வேறு. பட்டணத்தில் சைக்கிள் தடத்தில் மோட்டார்சைக்கிள் புகும். தோட்டத்து மண்சாலையில் குலை ஏற்றிய டிராக்டர், மோட்டார்சைக்கிள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், யாரோ அவிழ்த்துவிட்ட மாடு எல்லாம் கோடும் குறியும் இல்லாமல் ஒன்றாகப் போகும். அங்கே ஒருவரை ஒருவர் அறிந்திருப்பதுதான் பாதுகாப்பு. வெளியாள் ஓட்டிவரும் லாரிக்கு அந்த அறிமுகம் இல்லை.

மோதிவிட்டால்

சிங்கப்பூரில் பாதையில் விபத்து நேர்ந்தால் ஓட்டியவர் நிற்க வேண்டும், அடிபட்டவருக்கு உதவ வேண்டும், தம் விவரங்களைக் கொடுக்க வேண்டும். கார் விபத்துக்கு உள்ள கடமை போன்றதே இதுவும். "சும்மா சைக்கிள்தானே" என்று நழுவ முடியாது. அடிபட்டவர் அந்த நேரத்தில் வலி தெரியாமல், "பரவாயில்லை, போங்க" என்று சொல்லிவிடுவது நம்மவர்களிடையே சகஜம். மறுநாள் இடுப்பு வீங்கிய பிறகு யாரைத் தேடுவது? பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்டு வாங்குவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வண்டியின் பதிவு எண், பாதையின் அடையாளம், சாதனம் எந்தப் பக்கம் வந்தது என்பதைப் படமெடுத்து வைக்கலாம். காயம் இருந்தால் காவல்துறையில் புகார் செய்து, மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். இழப்பீடு கேட்கும் நிலை வந்தால் அவைதான் பேசும். சாதாரண சைக்கிளோட்டிக்குக் காப்புறுதி கட்டாயமில்லை என்பதால், நீதிமன்றம் தொகை விதித்தாலும் அது கைக்கு வந்துசேர்வது ஓட்டியவரின் வசதியைப் பொறுத்தது.

மோதல் நடக்காமலே தினமும் ஒரே இடத்தில் ஆபத்தாக ஓட்டுபவர்களைப் பார்த்தால், நேரத்தையும் இடத்தையும் குறித்து 'ஒன்சர்விஸ்' செயலி வழியாகத் தெரிவிக்கலாம். எந்தப் புளோக்கின் பக்கம், காலையா மாலையா என்று எழுதினால் அமலாக்க அதிகாரிகள் அந்த நேரத்துக்கு வர வசதியாக இருக்கும். ஓட்டுபவரை வழிமறித்துக் கையைப் பிடிக்க வேண்டாம். ஓடும் வண்டியைத் தடுக்கப் போய் விழுந்தால் முதலில் அடிபடுவது மறித்தவர்தான்.